மூலிகைச் சாரத்தின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பையும் நுண்ணுயிர் எதிர்ப்பையும் அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு செடியின் இலையை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, டி.பி.பி.எச். என்ற ஊதா நிற வேதிப்பொருளின் கரைசலில் சில துளிகள் விட்டால் ஊதா நிறம் மங்கத்தான் செய்யும். பச்சைத் தாவரம் எதுவானாலும் பீனாலிக் சேர்மங்கள் ஏதோ ஓர் அளவில் இருக்கும். அவை நிறத்தை மாற்றிவிடும். ஆகவே ‘இந்த மூலிகைக்கு ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன் இருக்கிறது’ என்பது ஒரு கண்டுபிடிப்பே அல்ல. எவ்வளவு செறிவில், எதனோடு ஒப்பிட்டு, எந்தக் கட்டுப்பாட்டு மாதிரிகளை வைத்துப் பார்த்தோம் என்பதற்கு விடை இருந்தால்தான் கிடைத்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. பாக்டீரியா வளர்ந்த தட்டில் தெரியும் தெளிந்த வளையத்துக்கும் இதே விதிதான்.

ஆய்வுத் திட்டம் செய்யும் மாணவர்களையும், ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எந்தப் படியில் உழைப்பு வீணாகிறதோ அங்கே அதிக நேரம் நிற்பேன். எந்தப் பாடநூலிலும் கிடைப்பதை விரைவாகக் கடந்துவிடுவேன்.

படி 1: கேள்வியைச் சிறியதாக்குங்கள்

‘இந்தத் தாவரத்தின் மருத்துவ குணங்களை ஆராய்தல்’ என்பது தலைப்பாகலாம், கேள்வியாகாது. ‘இந்த இலையின் 70 சதவீத எத்தனால் சாரம், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை மி.லி.க்கு 100 மைக்ரோகிராமுக்குக் குறைவான செறிவில் தடுக்கிறதா?’ என்பது கேள்வி. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரும். எந்தப் பதில் வந்தாலும் ஆய்வு முழுமை பெறும்.

கேள்வி இப்படிச் சுருங்கிவிட்டால் எந்தக் கரைப்பான், எந்த நுண்ணுயிர், எந்தச் சோதனை என்பவை தாமே அமைந்துவிடும். ஆறு கரைப்பான், பத்து நுண்ணுயிர், ஐந்து சோதனை என்று விரித்துக்கொண்டே போகிறவர்கள் கடைசியில் ஒன்றையும் மூன்று முறை ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்கள்.

படி 2: தாவரத்தின் அடையாளத்தை உறுதி செய்யுங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஸ்டீஃபேனியா டெட்ராண்ட்ரா என்ற தாவரம் இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி கலந்திருந்தது. சீன மருத்துவப் பெயர்கள் நெருக்கமாக ஒத்திருந்ததால் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1993இல் மருத்துவ இதழில் வெளியான அந்தச் செய்தியிலிருந்துதான் இந்த நோய்க்குத் தனிப்பெயரும் வந்தது.

எனவே வழக்குப் பெயரை நம்பிச் செடியைப் பறிக்காதீர்கள். ஒரே பெயரில் நான்கு தாவரங்கள் அழைக்கப்படுவதும், ஒரே தாவரம் நான்கு பெயர்களில் வழங்குவதும் எல்லா மொழிகளிலும் உண்டு. பூவோ காயோ உள்ள கிளையாகப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாவரவியல் வல்லுநர் ஒருவரிடம் காட்டி, ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகத்தில் சேர்த்து மாதிரி எண் வாங்குங்கள். பறித்த இடம், தேதி, தாவரத்தின் எந்தப் பாகம், பூக்கும் பருவமா என்பதையெல்லாம் அன்றே குறித்துவையுங்கள். ஒரே செடியின் வேதிப்பொருள்கள் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும் என்பதால், தேதி இல்லாத மாதிரியை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

வேறொரு நாட்டில் சேகரிப்பதாக இருந்தால் அனுமதி தேவைப்படலாம். மரபு வளங்களின் பயனைப் பகிர்வது குறித்த நகோயா ஒப்பந்தம் 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்தது. செடியைப் பறிப்பதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 3: உலர்த்தல்

நிழலில், காற்றோட்டத்தில், அல்லது 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாத சூட்டடுப்பில் உலர்த்துங்கள். நேர் வெயில் வேண்டாம். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். பிறகு நீங்கள் அளப்பது செடியின் திறனையா பூஞ்சையின் நச்சையா என்று யாருக்கும் தெரியாது. எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, அரைத்து, சலித்து, காற்றுப் புகாத புட்டியில் இருட்டில் வையுங்கள். வாசனை எண்ணெய் உள்ள செடிகளை அரைக்கும்போது இயந்திரம் சூடேறாமல் விட்டுவிட்டு அரைப்பது நல்லது.

படி 4: சாரம் எடுத்தல்

கரைப்பானைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. ஹெக்சேன் கொழுப்பையும் மெழுகையும் டெர்பீன்களையும் எடுக்கும். எத்தில் அசிடேட் நடுத்தர முனைவுத்தன்மை கொண்ட ஃபிளேவனாய்டுகளை நன்றாக எடுக்கும். மெத்தனாலும் எத்தனாலும் பீனாலிக் சேர்மங்களில் பெரும்பாலானவற்றைக் கரைக்கும். வெறும் நீரில் சர்க்கரை, டானின், உப்பு, புரதம் எல்லாம் சேர்ந்து வரும். ஒரே கரைப்பானைத்தான் பயன்படுத்த முடியும் என்றால் 70 சதவீத எத்தனாலைப் பரிந்துரைப்பேன். மெத்தனாலைப் போலக் கண்பார்வையைப் பறிக்கும் நச்சு அது அல்ல. நீரிலும் ஆல்கஹாலிலும் கரையும் இரு வகைச் சேர்மங்களையும் ஓரளவு எடுத்துவிடும்.

ஊறவைக்கும் முறை எளிது. 10 கிராம் தூளுக்கு 100 மி.லி. கரைப்பான், மூடிய கூம்புக் குடுவையில், அறை வெப்பத்தில், குலுக்கியில் 24 மணி நேரம். வடிகட்டி, அதே தூளில் புதுக் கரைப்பானை ஊற்றி இன்னும் இரண்டு முறை எடுங்கள். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வாட்மேன் 1ஆம் எண் வடிதாளில் வடிகட்டுங்கள்.

சாக்ஸ்லெட் கருவி வேகமாக முடித்துவிடும், கரைப்பானும் மிச்சமாகும். ஆனால் குடுவையில் சேரும் சாரம் மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும். வெப்பம் தாங்காத சேர்மம் அங்கேயே அழிந்துவிடலாம். ஆர்டிமிசினின் கதை இதற்கு நல்ல பாடம். மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி து யூயூவின் குழுவுக்கு, ஆர்டிமீசியா அன்னுவா செடியின் சாரத்தில் முதலில் நிலையான பலன் கிடைக்கவில்லை. பழைய சீன மருத்துவ ஏடு ஒன்று அந்தச் செடியைக் கொதிக்கவைக்கச் சொல்லாமல் நீரில் நனைத்துப் பிழியச் சொல்லியிருந்ததை அவர் கவனித்தார். சூடுதான் கெடுக்கிறதோ என்று எண்ணி, சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதருக்கு மாறினார். 1971 அக்டோபரில் 191ஆம் எண் சாரம் எலி மலேரியாவை முழுமையாகத் தடுத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ‘செயல் இல்லை’ என்று ஒரு செடியை ஒதுக்குவதற்கு முன் சாரம் எடுத்த விதத்தை ஒருமுறை சந்தேகித்துப் பாருங்கள்.

படி 5: கரைப்பானை நீக்கி, எடைபோட்டு, கரைசல் தயாரித்தல்

ரோட்டரி எவாபரேட்டரில், குறைந்த அழுத்தத்தில், 40 டிகிரியில் கரைப்பானை நீக்குங்கள். நீர் மிச்சமிருந்தால் உறைநிலை உலர்த்தியில் போடுங்கள். எடை நிலைக்கும்வரை உலர்த்துவது இங்கே மிக முக்கியம். கரைப்பான் எச்சம் இருந்தால் எடையும் பொய், பிறகு தெரியும் நுண்ணுயிர் எதிர்ப்பும் பொய். ஆல்கஹாலே பாக்டீரியாவைக் கொல்லும் அல்லவா?

10 கிராம் தூளில் 1.2 கிராம் உலர்சாரம் கிடைத்தால் விளைச்சல் 12 சதவீதம். இந்த எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். வீரியமான சாரம் அரை சதவீதமே கிடைத்தால் அதற்கு வேறு பொருள்.

100 மி.கி. சாரத்தை 1 மி.லி. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தால் மூலக்கரைசல் தயார். சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். உறைந்து உருகி உறைந்து உருகிச் சாரம் கெடாமல் இருக்கும். கிருமி நீக்கம் செய்ய ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைக்காதீர்கள், 0.22 மைக்ரோமீட்டர் வடிப்பான் போதும். டி.எம்.எஸ்.ஓ. தாங்கும் வடிப்பானா என்று உறையைப் படித்துப் பாருங்கள். சில சவ்வுகள் அதில் கரைந்துவிடும்.

படி 6: மொத்த பீனாலிக் அளவு

ஃபோலின்-சியோகால்டோ சோதனை 765 நானோமீட்டரில் நீல நிறத்தை அளக்கிறது. காலிக் அமிலத்துக்குச் சமமாக விடை வருகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த வினைப்பொருள் பீனாலை மட்டும் தேடிப் பிடிப்பதில்லை. வைட்டமின் சி, சில சர்க்கரைகள், புரதத்திலுள்ள டைரோசின் எல்லாமே அதை நீலமாக்கும். நீர்ச் சாரத்தில் பீனாலிக் அளவு எதிர்பாராமல் எகிறினால் முதலில் இவற்றைச் சந்தேகியுங்கள். ஃபிளேவனாய்டுக்கு அலுமினியம் குளோரைடு முறையும் குவெர்செட்டின் ஒப்பீடும் வழக்கம்.

படி 7: ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை அளத்தல்

ஃப்ரீ ரேடிக்கலை (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துகளை) ஒரு சேர்மம் அடக்குவதற்கு இரண்டு வழிகள்: ஹைட்ரஜன் அணுவைக் கொடுப்பது, எலக்ட்ரானைக் கொடுப்பது. ஒரே ஒரு சோதனை இரண்டையும் சரியாகக் காட்டாது. ஆகவே குறைந்தது இரண்டு சோதனைகளாவது செய்யுங்கள்.

நிலையான ஃப்ரீ ரேடிக்கலான டி.பி.பி.எச்.சைப் பயன்படுத்தும் முறையை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் செய்வது இதைத்தான், கணக்குப் பிழைகள் நிறைய நேர்வதும் இதில்தான். 3.94 மி.கி. டி.பி.பி.எச்.சை 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார் கரைசல். அன்றன்றைக்குத் தயாரித்துப் புட்டியை அலுமினியத் தாளால் சுற்றிவையுங்கள். 1 மி.லி. சாரக் கரைசலுடன் 3 மி.லி. டி.பி.பி.எச். சேர்த்து, 30 நிமிடம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் உட்கவர்திறனை அளக்க வேண்டும். சாரம் இல்லாத கட்டுப்பாட்டுக் கலவை ஏறத்தாழ 0.8 முதல் 0.9 வரை காட்டும். மிகக் குறைவாக இருந்தால் உங்கள் டி.பி.பி.எச். பழையது, அல்லது எடை தவறு.

கியூவெட்டைக் கையில் பிடித்துப் பார்த்தாலே நிறைய தெரியும். அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) விழுந்த கரைசல் கலக்கி முடிப்பதற்குள் ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு வந்துவிடும். தாவரச் சாரம் பெரும்பாலும் நிதானமாக மாறும்: முதல் நிமிடத்தில் ஊதா சற்று வெளிறும், பத்து நிமிடத்தில் செம்பழுப்பு, அரை மணியில் அழுக்கு மஞ்சள். வேகமாக வினைபுரியும் சேர்மங்களும் மெதுவாக வினைபுரியும் சேர்மங்களும் சாரத்தில் கலந்திருப்பதன் அடையாளம் இது. முடிந்தால் 5, 15, 30, 60 நிமிடங்களில் அளந்து ஒரு கோடு வரையுங்கள்.

இப்போது நிறப் பிரச்சினை. பச்சையமும் ஆந்தோசயனினும் உள்ள சாரத்துக்குச் சொந்த நிறம் உண்டு. அதுவும் 517இல் ஒளியை விழுங்கும். ஆகவே ஒவ்வொரு செறிவுக்கும் டி.பி.பி.எச். சேர்க்காமல் சாரமும் மெத்தனாலும் மட்டும் உள்ள ஒரு வெற்று மாதிரி வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: கட்டுப்பாடு 0.84, சாரக் கலவை 0.31, சாரத்தின் சொந்த நிறம் 0.05. நிறத்தைக் கழிக்காமல் கணக்கிட்டால் உட்கவர்திறன் கட்டுப்பாட்டைவிடக் குறைந்த அளவு 63 சதவீதம். கழித்தால் 69 சதவீதம். அடர்நிறச் சாரங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும்.

அடுத்தது செறிவைக் குறிப்பிடும் முறை. ஊற்றிய கரைசலில் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் இருந்தால், மேலே சொன்ன கலவையில் அது நான்கில் ஒரு பங்காகி 25 ஆகிவிடும். ஐ.சி.50 மதிப்பை, அதாவது டி.பி.பி.எச்.சில் பாதியை அடக்கும் செறிவை, ஊற்றிய செறிவில் சொல்வதா, கலவையின் இறுதிச் செறிவில் சொல்வதா? இறுதிச் செறிவில் சொல்லுங்கள், அப்படித்தான் சொல்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். இரண்டு கட்டுரைகளின் ஐ.சி.50 நான்கு மடங்கு வேறுபட்டால், அதற்குக் காரணம் செடியாக இல்லாமல் இதுவாகவே இருக்கலாம். குறைந்தது ஐந்து செறிவுகள் வேண்டும். 50 சதவீதத்துக்கு மேலும் கீழும் புள்ளிகள் இருக்க வேண்டும். ஒப்பீட்டுக்காக அஸ்கார்பிக் அமிலத்தையோ டிரோலாக்ஸையோ அதே நாளில், அதே கரைசலில் ஓட்டுங்கள்.

இரண்டாவது சோதனையாக ஏ.பி.டி.எஸ். (நீலப்பச்சை நிற ஃப்ரீ ரேடிக்கலை அடக்கும் சோதனை) அல்லது ஃப்ராப் எடுத்துக்கொள்ளலாம். ஏ.பி.டி.எஸ்.சுக்கு 7 மில்லிமோலார் ஏ.பி.டி.எஸ்.சும் 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்ஃபேட்டும் இறுதிச் செறிவாக அமையும்படி கலந்து 12 முதல் 16 மணி நேரம் இருட்டில் வைத்து, 734 நானோமீட்டரில் 0.70 வரும்வரை நீர்க்க வேண்டும். நீரிலும் ஆல்கஹாலிலும் வேலை செய்வதும், பச்சையத்தின் குறுக்கீடு 734இல் குறைவாக இருப்பதும் இதன் சிறப்பு. ஃப்ராப் இரும்பை ஒடுக்கும் திறனை அளக்கிறது: பி.எச். 3.6 உள்ள அசிடேட் தாங்கல் கரைசல், இரும்போடு நீல நிறம் தரும் டி.பி.டி.இசட்., ஃபெரிக் குளோரைடு ஆகியவற்றை 10:1:1 விகிதத்தில் அன்றே கலந்து 593 நானோமீட்டரில் படியுங்கள்.

சோதனைக்குழாயில் கிடைத்த எண் உடலுக்குள் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. அமெரிக்க வேளாண்மைத் துறை, உணவுகளின் ஓ.ஆர்.ஏ.சி. எனப்படும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மதிப்புகளின் பட்டியலை 2012இல் தன் இணையதளத்திலிருந்து நீக்கியது. அந்த எண்கள் மனித உடலில் நிகழும் விளைவைக் காட்டுவதில்லை என்பதே காரணம். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்திய சோதனையில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது 1994இல் தெரியவந்தது. ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு இருப்பதால் புற்றுநோயைத் தடுக்கும்’ என்ற வரியை எழுதக் கை போகும்போது இந்த 18ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: நுண்ணுயிர்களைத் தேர்ந்தெடுத்தல், தட்டுச் சோதனை

குறைந்தபட்சத் தொகுப்பு இது: கிராம் பாசிட்டிவ் வகைக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கிராம் நெகட்டிவ் வகைக்கு ஈ.கோலை, கடினமான சோதனைக்குச் சூடோமோனாஸ் எருஜினோசா, ஈஸ்ட்டுக்குக் கேண்டிடா அல்பிகன்ஸ். தரப்படுத்திய இனங்களையே வாங்குங்கள், ஏ.டி.சி.சி. நுண்ணுயிர்க் காப்பகத்தின் 25922 எண் ஈ.கோலை உலகமெங்கும் ஒரே ஈ.கோலைதான். மருத்துவமனை மாதிரிகளைப் பிறகு சேர்க்கலாம். இவற்றில் சில நோயுண்டாக்குபவை. உயிரியல் பாதுகாப்புப் பெட்டி, கையுறை, 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து கழிவகற்றல் ஆகிய வசதிகள் இல்லாத இடத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

முல்லர்-ஹின்டன் அகரைத் தட்டில் 4 மி.மீ. ஆழத்துக்கு ஊற்றுங்கள். ஆழம் கூடினால் வளையம் சுருங்கும், குறைந்தால் விரியும். புதிய வளர்ப்பிலிருந்து உப்புக் கரைசலில் கலக்கி, மெக்ஃபார்லண்ட் 0.5 என்ற தர அளவுக் கலங்கலுக்குக் கொண்டுவாருங்கள். 625 நானோமீட்டரில் 0.08 முதல் 0.13 வரை காட்டும். 15 நிமிடத்துக்குள் பஞ்சுக் குச்சியால் மூன்று திசைகளில் தடவுங்கள். 6 மி.மீ. குழிகள் வெட்டிச் சாரம், டி.எம்.எஸ்.ஓ. மட்டும், ஆன்டிபயாடிக் ஆகியவற்றை இடுங்கள். 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் வில்லைக்கு மேற்சொன்ன ஈ.கோலையில் 19 முதல் 26 மி.மீ. வளையம் வர வேண்டும். வரவில்லையென்றால் அன்றைய தட்டுகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

வளையத்தின் அகலத்தை வைத்து எந்தச் சாரம் வீரியமானது என்று முடிவு செய்வது தவறு. அகர் என்பது பெரும்பாலும் நீர். நீரில் கரையும் சிறிய மூலக்கூறு அதில் தூரம் போகும். எண்ணெய்ப் பசையுள்ள பெரிய மூலக்கூறு குழியின் ஓரத்திலேயே தங்கிவிடும். பின்னது பத்து மடங்கு வீரியமாக இருந்தாலும் வளையம் சின்னதாகவே தெரியும். தட்டுச் சோதனை முதற்கட்ட வடிகட்டலுக்கு மட்டுமே. ‘15 மி.மீ.க்கு மேல் வந்தால் சிறந்த சாரம்’ என்பதைப் போன்ற வரையறைகளை ஆன்டிபயாடிக் வில்லைகளின் அட்டவணையிலிருந்து கடன் வாங்காதீர்கள். அவை குறிப்பிட்ட மருந்துக்கு, குறிப்பிட்ட அளவுக்கு வகுக்கப்பட்டவை.

படி 9: குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு

எம்.ஐ.சி. எனப்படும் இந்த எண்தான் உங்கள் ஆய்வின் முதுகெலும்பு. 96 குழித் தட்டில் ஒரு வரிசையை முழுமையாகச் செய்துகாட்டுகிறேன்.

மி.லி.க்கு 100 மி.கி. மூலக்கரைசலில் 20 மைக்ரோலிட்டரை எடுத்து 980 மைக்ரோலிட்டர் முல்லர்-ஹின்டன் குழம்பில் கலந்தால் மி.லி.க்கு 2 மி.கி. ஆகும், டி.எம்.எஸ்.ஓ. 2 சதவீதம். முதல் குழியில் இதை 200 மைக்ரோலிட்டர் விடுங்கள். 2 முதல் 11 வரையுள்ள குழிகளில் வெறும் குழம்பு 100 மைக்ரோலிட்டர். முதலாவதிலிருந்து 100ஐ எடுத்து இரண்டாவதில் விட்டு, பிப்பெட்டால் ஆறேழு முறை இழுத்து விட்டுக் கலக்கி, அதிலிருந்து 100 மூன்றாவதற்கு என்று போய், பத்தாவதிலிருந்து எடுத்த 100ஐக் கொட்டிவிடுங்கள். 11ஆவது குழி வளர்ச்சிக் கட்டுப்பாடு. 12ஆவது பாக்டீரியா இல்லாத வெறும் குழம்பு. மெக்ஃபார்லண்ட் 0.5 கரைசலைக் குழம்பில் 150 மடங்கு நீர்த்தால் மி.லி.க்கு ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். அதில் 100 மைக்ரோலிட்டரை 1 முதல் 11 வரையுள்ள குழிகளில் விட்டால், எல்லாம் பாதியாகி மி.லி.க்கு 5 லட்சம் பாக்டீரியா, சாரத்தின் செறிவு முதல் குழியில் 1000 மைக்ரோகிராம், பத்தாவதில் சுமார் 2, டி.எம்.எஸ்.ஓ. உச்சம் 1 சதவீதம். இன்னொரு வரிசையில் சாரமில்லாமல் டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் அதே படிகளில் நீர்த்துவையுங்கள். மற்றொன்றில் ஜென்டாமைசின், மேற்சொன்ன ஈ.கோலைக்கு அதன் எம்.ஐ.சி. மி.லி.க்கு 0.25 முதல் 1 மைக்ரோகிராமுக்குள் விழ வேண்டும்.

நீங்கள் விட்டது உண்மையிலேயே 5 லட்சம்தானா? தட்டை இன்குபேட்டரில் வைக்கும் முன் வளர்ச்சிக் குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டரை 10 மி.லி. உப்புக் கரைசலில் விட்டு, அதில் 100 மைக்ரோலிட்டரை அகரில் பரப்புங்கள். மறுநாள் 50 காலனிகளுக்கு அருகில் இருந்தால் சரி. பாக்டீரியா பத்து மடங்கு கூடினால் எம்.ஐ.சி.யும் ஏறக்கூடும் என்பதால் இந்தச் சின்ன வேலையை விடாதீர்கள்.

16 முதல் 20 மணி நேரத்துக்குப் பிறகு தட்டை வெளியே எடுங்கள். ஆன்டிபயாடிக் வரிசையில் கலங்கலைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். தாவரச் சாரமோ தானே பழுப்பாகவும் கலங்கலாகவும் இருக்கும். சில சமயம் குழியின் அடியில் சாரமே படிந்து பாக்டீரியாப் பொட்டைப் போலத் தெரியும். அப்போது ரெசசூரின் என்ற நீலச் சாயத்தைச் சேர்த்து ஓரிரு மணி நேரம் காத்திருங்கள். உயிருள்ள பாக்டீரியா நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். பத்தாவது குழியிலிருந்து இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தால் இளஞ்சிவப்பு நின்று நீலம் தொடங்கும் குழி தெரியும், அதுதான் எம்.ஐ.சி. ஒரு எச்சரிக்கை: வலுவான ஒடுக்கும் தன்மை உள்ள சாரம் பாக்டீரியா இல்லாமலேயே நிறத்தை மாற்றிவிடலாம். சாரமும் ரெசசூரினும் மட்டும் உள்ள குழிகளும் தட்டில் இருக்கட்டும். ஆக்சிஜனேற்ற எதிர்ப்பில் முதலிடம் பிடித்த சாரத்தில்தான் இந்தக் குழப்பம் வரும்.

தெளிவான குழிகளிலிருந்து எடுத்துப் புது அகரில் பரப்பி, 99.9 சதவீதம் இறந்த மிகக் குறைந்த செறிவைக் கண்டால் அது எம்.பி.சி. எம்.ஐ.சி.யைப் போல நான்கு மடங்குக்குள் எம்.பி.சி. இருந்தால் சாரம் கொல்கிறது என்று கொள்ளலாம். அதற்கு மேல் போனால் வளர்ச்சியை நிறுத்துகிறது, அவ்வளவே.

எந்த எண் நல்ல எண்? 100 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் சாரத்தைத் தொடர்ந்து ஆராயலாம். 1000க்கு மேல் போனால் ‘செயல் உண்டு’ என்று எழுதுவது பொருந்தாது என்று இத்துறை ஆய்வாளர்கள் 2005இலேயே வலியுறுத்தினார்கள். நானும் அதையே பிடித்துக்கொள்கிறேன். மி.லி.க்கு 50 மி.கி. சாரத்தை ஊற்றினால் பாக்டீரியா சாகத்தான் செய்யும். 

கிராம் நெகட்டிவ் பாக்டீரியா சாரத்துக்கு மசியாமல் இருந்தால் மனம் தளர வேண்டாம். அவற்றின் வெளிச்சவ்வு பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது. தப்பித்தவறி நுழைந்ததையும் வெளியேற்றும் புரத இறைப்பான்கள் துப்பிவிடும். இத்தகைய இறைப்பான்கள் கிராம் பாசிட்டிவ் வகையிலும் உண்டு. பெர்பெரிஸ் செடிகளில் இதற்கு ஒரு அழகான பதில் இருப்பது 2000இல் வெளிவந்தது. அவற்றிலுள்ள பெர்பெரினை ஸ்டஃபைலோகாக்கஸின் நோர்-ஏ இறைப்பான் வெளியேற்றிவிடுகிறது. அதே செடி 5'-மெத்தாக்ஸிஹைட்னோகார்பின் என்ற இன்னொரு சேர்மத்தையும் செய்து அந்த இறைப்பானை அடைக்கிறது. தனியாக எடுத்தால் அந்தச் சேர்மத்துக்கு நுண்ணுயிர் எதிர்ப்பே இல்லை. சாரத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும்போது செயல் காணாமல் போனால், இப்படி ஒரு கூட்டணியைப் பிரித்துவிட்டீர்களா என்று பிரித்தவற்றை மீண்டும் கலந்து பாருங்கள்.

படி 10: நச்சுத்தன்மை

பாக்டீரியாவையும் மனித உயிரணுவையும் ஒரே செறிவில் கொல்லும் சாரம் மருந்தாகாது. சிவப்பணுச் சிதைவுச் சோதனையும், வளர்ப்பு உயிரணுக்களில் எத்தனை உயிரோடு உள்ளன என்று காட்டும் எம்.டி.டி. சோதனையும் செய்து, உயிரணுக்களில் பாதியைக் கொல்லும் செறிவை எம்.ஐ.சி.யால் வகுத்துப் பாருங்கள். 10க்கு மேல் வந்தால் நம்பிக்கை வைக்கலாம். பாலிபீனால்கள் வளர்ப்பு ஊடகத்தில் தாமே ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். உயிரணுக்கள் அதனாலேயே சாகலாம். கேட்டலேஸ் என்சைம் சேர்த்த ஒரு வரிசையை வைத்தால் இது பிடிபடும்.

குர்குமினைப் போன்ற சேர்மங்களில் கூடுதல் கவனம் தேவை. அது பல புரதங்களோடு கண்டபடி ஒட்டும், தானே ஒளிரும், நடுநிலைக் கரைசலில் சிதையும். இதனால் எந்தச் சோதனையிலும் ‘நேர்மறை’ காட்டக்கூடிய சேர்மம் என்று 2017இல் வெளியான விரிவான மதிப்பாய்வு ஒன்று எச்சரித்தது. டானின் மிகுந்த சாரங்களும் புரதங்களை ஒட்டுமொத்தமாகப் படியவைத்து இதே மயக்கத்தைத் தரும்.

படி 11: திரும்பச் செய்தலும் புள்ளியியலும்

ஒரே குடுவைச் சாரத்தை மூன்று குழிகளில் ஊற்றினால் உங்கள் பிப்பெட்டின் துல்லியம் தெரியும், செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தனித்தனியாகப் பறித்த, தனித்தனியாகச் சாரம் எடுத்த மூன்று மாதிரிகளே உண்மையான மூன்று. ஐ.சி.50க்குச் சராசரியும் திட்ட விலக்கமும் தந்து, சராசரிகளை ஒப்பிடும் அனோவாவும் டூக்கி சோதனையும் செய்யலாம். எம்.ஐ.சி. இரட்டை இரட்டையாக நகரும் எண், 62.5, 125, 62.5 என்று வந்தால் இடைநிலை மதிப்பான 62.5ஐத் தாருங்கள். 83.3 என்று சராசரி எடுத்தால் தட்டில் இல்லாத ஒரு செறிவைச் சொன்னதாகும். ஒரு படி வித்தியாசம் இந்தச் சோதனையின் இயல்பான ஊசலாட்டம். அதை வைத்து ஒரு சாரம் மற்றதைவிடச் சிறந்தது என்று வாதாட வேண்டாம்.

படி 12: அறிக்கை

ஹெர்பேரிய எண், பறித்த தேதி, தாவரப் பாகம், கரைப்பான், தூளுக்கும் கரைப்பானுக்கும் உள்ள விகிதம், வெப்பநிலை, விளைச்சல் சதவீதம், இறுதி டி.எம்.எஸ்.ஓ. அளவு, நுண்ணுயிர் இன எண், ஒப்பீட்டு மருந்து அன்று காட்டிய மதிப்பு ஆகிய அனைத்தும் செய்முறைப் பகுதியில் இருக்க வேண்டும். சாரத்தின் வேதி அடையாளமாக சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு எச்.பி.எல்.சி. வரைபடமாவது சேருங்கள், அடுத்தவர் எடுக்கும் சாரம் உங்களுடையதுதானா என்று ஒப்பிட அது உதவும்.

முடிவுரையில் அளந்ததை மட்டும் எழுதுங்கள். ‘இச்சாரம் சோதனைக்குழாய் நிலையில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் வளர்ச்சியை மி.லி.க்கு 62.5 மைக்ரோகிராமில் தடுத்தது, ஜென்டாமைசின் 0.5இல் தடுத்தது’ என்று இரண்டையும் அருகருகே வைத்தால் படிப்பவர் தாமே எடைபோட்டுக்கொள்வார். தடுக்காத சாரங்களையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அந்தக் கட்டத்தில் கோடு போடாமலும், ‘இல்லை’ என்று எழுதாமலும், நீங்கள் சோதித்த உச்சச் செறிவைச் சேர்த்து ‘1000க்கு மேல்’ என்று எழுதுங்கள்.